சுற்றுச்சூழல் ஹேக்கத்தானுக்குப் போகும் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

மாணவனாக இருந்தபோது சில ஹேக்கத்தான்களில் கலந்துகொண்டேன். பிறகு வழிகாட்டியாகவும், அதன்பின் நடுவர் நாற்காலியிலும் உட்கார நேர்ந்தது. மேசையின் எந்தப் பக்கம் இருந்தாலும் காதில் விழுந்த கேள்விகள் ஏறக்குறைய இவைதான். பதிவுக் கடைசி நாள், பரிசு, வயது வரம்பு போன்றவை போட்டிக்குப் போட்டி மாறும். அவற்றுக்கு உங்கள் போட்டியின் விதித்தாளைப் பாருங்கள். அந்தத் தாளில் யாரும் எழுதாததை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹேக்கத்தான் என்றால் கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகும் போட்டியா?

இல்லை. வீட்டில் அனுமதி கேட்கும்போது இந்தச் சந்தேகம் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதுகிறவர்களிடையே 'ஹேக்' என்பதற்கு, கையில் இருப்பதை வைத்துச் சாமர்த்தியமாக ஒரு காரியத்தை முடிப்பது என்று பொருள். அதோடு மாரத்தான் ஓட்டத்தின் வால் ஒட்டிக்கொண்டது. 1999 ஜூனில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் பத்துப் பேர் கனடாவின் கால்கரி நகரில் கூடி வேலை செய்தார்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்க மென்பொருளுக்கு அமெரிக்கா அப்போது விதித்திருந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளில் சிக்காமல் இருப்பதற்காகவே எல்லைக்கு வெளியே கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வைத்த பெயர்தான் ஹேக்கத்தான். அதே மாதம் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் தன் மாநாட்டில் இதே பெயரில் ஒரு போட்டி நடத்தியது.

இன்று அது 24 அல்லது 36 அல்லது 48 மணி நேரத்தில், ஒரு பிரச்சினைக்கு விடையாக இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்துகாட்டும் குழுப் போட்டி.

சுற்றுச்சூழல் என்றால் மரம் நடுவது பற்றித்தான் செய்ய வேண்டுமா?

மரமும் உண்டு. தண்ணீர், மின்சாரம், காற்று, கழிவு, போக்குவரத்து, மண், பல்லுயிர், வெப்ப அலை என்று களம் பெரியது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வதுதான் நீடித்த வளர்ச்சி என்று 1987-இல் ஐநா அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் வரையறுத்தது. 2015-இல் ஐநா சபை 17 இலக்குகளை வகுத்து, 2030 என்று கெடுவும் வைத்தது. போட்டிக்கான தலைப்புகளைப் பெரும்பாலும் அந்த 17-இலிருந்துதான் எடுக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: உங்கள் திட்டம் எத்தனை இலக்குகளைத் தொடுகிறது என்று சின்னங்களை வரிசையாக ஒட்டிக் காட்டாதீர்கள். பதினோரு சின்னங்கள் ஒட்டிய ஸ்லைடைப் பார்த்தால், ஒன்றைக்கூடச் சரியாக யோசிக்கவில்லை என்றுதான் தோன்றும்.

எனக்குக் கோடிங் தெரியாது. வரலாமா?

தாராளமாக. குழுவில் எல்லாரும் நிரல் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தால் எல்லாரும் திரையைப் பார்த்தபடி இருப்பார்கள்; குழாயைப் போய்ப் பார்ப்பதற்கு ஆள் இருக்காது. கணக்குப் போடத் தெரிந்தவர், வரையத் தெரிந்தவர், வேதியியலோ தாவரவியலோ படிப்பவர், அறிமுகமில்லாதவரிடம் கூச்சமில்லாமல் பேசக்கூடியவர், இவர்களில் ஒருவர்கூட இல்லாத குழுவுக்குத்தான் நான் கவலைப்படுவேன்.

குழுவில் எத்தனை பேர் இருந்தால் நல்லது?

விதி இடம்கொடுத்தால் நான்கு. ஆறு பேர் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். நெருங்கிய நண்பர்களாகவே சேர வேண்டும் என்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் செய்த தவற்றை இன்னொருவர் முகம் சுளிக்காமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

முன்கூட்டியே எழுதிய நிரலைக் கொண்டுபோகலாமா?

பெரும்பாலான போட்டிகளில் கூடாது. பொதுவில் கிடைக்கும் நிரலகங்களையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) திறந்த மூலக் கருவிகளையும் பயன்படுத்தலாம். அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிட வேண்டும். யோசிப்பதற்கும் படிப்பதற்கும் ஆட்களைச் சந்தித்துப் பேசுவதற்கும் எந்த விதியும் தடை போடுவதில்லை. அந்த வேலையைப் போட்டிக்கு முந்தைய வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

நல்ல பிரச்சினையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான குழுக்கள் உலகத்திலிருந்து தொடங்குகின்றன. முதல் ஸ்லைடில், 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்று போடுகிறார்கள். அல்லது, அதே ஆண்டில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று தொடங்குகிறார்கள். இரண்டும் ஐநா அமைப்புகளின் அறிக்கைகளில் வந்த சரியான எண்கள். ஆனால் 6.2 கோடி டன்னுக்கு முன்னால் நான்கு மாணவர்களால் என்ன செய்ய முடியும்? எண் பெரிதாகப் பெரிதாகத் தீர்வு மங்கலாகிறது. கடைசியில் 'விழிப்புணர்வுச் செயலி' ஒன்றில் போய் முடிகிறது.

இதற்கு மாறாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குழு தங்கள் கல்வி வளாகத்தின் தண்ணீர்க் குழாய்களை எடுத்துக்கொண்டது. ஒழுகும் குழாய் ஒன்றின் கீழே அளவுக் குவளையை ஒரு நிமிடம் பிடித்தார்கள்: அறுபது துளி, 3 மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், 4.3 லிட்டர். நாற்பது குழாய்களைச் சுற்றிப் பார்த்ததில் ஏழு ஒழுகின. ஆக, ஒரு நாளைக்கு 30 லிட்டர். அவர்களே ஏமாந்துபோனார்கள், அவ்வளவுதானா என்று. பிறகு ஒருத்திக்குக் கழிவறைத் தொட்டிகளைப் பார்க்கத் தோன்றியது. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து, யாரும் தண்ணீர் திறந்துவிடாமல் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் உள்ளே அடைப்பான் கசிகிறது என்று பொருள். பல தொட்டிகளில் நிறம் இறங்கியது. குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். இது சத்தமில்லாமல் அதைவிடப் பல மடங்கு தண்ணீரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

இதுவரை சென்சாரும் இல்லை, செயலியும் இல்லை. அடுத்து, பராமரிப்புப் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் ஒரு புகார்ப் பதிவேட்டைக் காட்டினார். 'இரண்டாம் மாடிக் குழாய் ஒழுகுகிறது' என்று மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் மூன்று வரிகள். இரண்டாம் மாடியில் எந்தக் குழாய் என்று எதிலும் இல்லை. பிளம்பர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார்; வரும்போது அந்தப் பதிவேட்டை யாரும் அவரிடம் நீட்டுவதில்லை. ஆக, ஒழுகுவது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த செய்தி பழுதுபார்ப்பவரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குழு செய்தது இதுதான்: ஒவ்வொரு குழாய்க்கும் தொட்டிக்கும் எண் போட்டு, ஒரு கியூஆர் குறி ஒட்டி, பிளம்பர் வரும் நாள் காலையில் ஒரே தாளில் பட்டியல் அச்சாகும்படி அமைத்தார்கள். அவருக்குச் செயலி வேண்டாம், தாள்தான் வேண்டும் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

சுற்றுச்சூழல் பிரச்சினை என்று நாம் நினைப்பதில் பாதி, இப்படி இரண்டு மனிதர்களுக்கு இடையே விழுந்துகிடக்கும் இடைவெளிதான். ஆகவே, கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். இதை யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பயன்படுத்துவார்? இப்போது அவர் அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார்?

ஸ்மார்ட் குப்பைத்தொட்டி செய்யலாம் என்று இருக்கிறோம். எப்படி இருக்கிறது யோசனை?

உங்களுக்கு முன்னால் பதிவு செய்த மூன்று குழுக்களும் அதையே செய்யப்போகின்றன. மூடியில் ஒரு மீயொலி சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்புவதை வைத்துத் தூரத்தை அளப்பது), நிரம்பியதும் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி, இதுதானே?

செய்யக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இறங்கினால் ஆழம் பார்த்து இறங்குங்கள். பலரும் வாங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி சென்சார் 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும் என்று தாளில் இருக்கும். அது எதிரே தட்டையான, கெட்டியான பரப்பு இருந்தால். குப்பை தட்டையாக இருப்பதில்லை. துணியும் பஞ்சும் ஒலியை விழுங்கிவிடும். சாய்ந்து கிடக்கும் அட்டை அதை வேறு திசைக்குத் திருப்பிவிடும். ஓர் ஓரத்தில் நிற்கும் ஒற்றை அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தொட்டி நிறைந்துவிட்டது என்று அது சத்தியம் செய்யும். ஈரம் ஏறி, தூசு படிந்து, பத்தே நாளில் அளவு தடுமாறும். பேட்டரியை யார் மாற்றுவது என்று கேட்டால் மேடையில் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. குப்பை வண்டி தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் வந்தால், தொட்டி நிரம்பியது தெரிந்து யாருக்கு என்ன பயன்? தொட்டிகள் வெகு தொலைவில் சிதறிக் கிடந்து, எதற்குப் போவது எதை விடுவது என்று ஓட்டுநர் முடிவெடுக்கும் இடத்தில்தான் அந்தத் தகவலுக்கு மதிப்பு.

அப்படியானால் படத்தைப் பார்த்துக் குப்பையைத் தரம் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு?

இது அதற்கு அடுத்த பிரபலம். டிராஷ்நெட் என்ற படத் தொகுப்பை வைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். 2016-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் தங்கள் பாடத்துக்கான செயல்திட்டத்துக்காக எடுத்தது: சுமார் 2,500 படங்கள், ஆறு வகைகள். ஒவ்வொரு பொருளையும் வெள்ளை அட்டையில் வைத்து நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் பழகிய நுண்ணறிவு மாடல், அந்தப் படங்களிலேயே நன்றாக மதிப்பெண் வாங்கும். மேடைக்கு வந்து, நசுங்கிய, பாதி கிழிந்த, எண்ணெய் படிந்த ஒரு டப்பாவை இருட்டான தொட்டிக்குள் காட்டினால் திருதிருவென்று விழிக்கும்.

செய்ய விரும்பினால், வளாகத்துக் குப்பையையே கையுறை போட்டுக்கொண்டு இருநூறு படம் எடுங்கள். அவற்றைப் பயிற்சிக்குக் கொடுக்காமல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலை, காடு, கடற்கரை என்று நிஜ இடங்களில் எடுத்த டாகோ என்ற தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் இருநூறு படங்களில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் நடுவராக இருந்த ஒரு முறை, 'வெள்ளைப் பின்னணியில் நன்றாக வருகிறது, நிஜத் தொட்டியில் சொதப்புகிறது, ஏன் என்று இந்த நான்கு படங்களைப் பாருங்கள்' என்று ஒரு குழு சொன்னது. அன்று முழுவதும் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

தரவு எங்கே கிடைக்கும்?

கிடைப்பதில் குறையே இல்லை. எதற்கு எது பொருந்தும் என்று தெரியாமல் எடுப்பதில்தான் கோளாறு வருகிறது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்துவருகின்றன. 2008 முதல் அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் 2 இன்னும் கூர்மையானது. நிறங்களைக் காட்டும் அதன் முக்கியப் பட்டைகளில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஏரி சுருங்கியது, பசுமை குறைந்தது போன்றவற்றுக்கு இது அற்புதம். தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் புட்டியைச் செயற்கைக்கோளில் தேடப்போகிறோம் என்று ஒரு குழு எழுதியிருந்தது. ஒரு புள்ளிக்குள் நூறு சதுர மீட்டர் அடங்கும்போது புட்டி எங்கே தெரியும்? மேகம் மூடிய நாட்களையும் கணக்கில் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தெளிவான படம் ஒன்றுக்கே பல வாரம் காத்திருக்க நேரலாம்.

காட்டுத்தீக்கு நாசாவின் ஃபர்ம்ஸ் சேவை, செயற்கைக்கோள் கடந்து சுமார் மூன்று மணி நேரத்துக்குள் வெப்பப் புள்ளிகளைத் தருகிறது. அது காண்பது வெப்பத்தை. தொழிற்சாலைப் புகைபோக்கிச் சுவாலையும் அதில் புள்ளியாக விழலாம். காற்றுத் தரத்துக்கு ஓப்பன்ஏக்யூ, தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், உயிரினங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்று பட்டியல் நீளும். ஐநேச்சுரலிஸ்ட் பதிவுகளில் ஒரு பொறி உண்டு: ஒரு பறவை அதிகம் பதிவான இடம் என்றால், அங்கே பறவை அதிகம் என்று ஆகிவிடாது. பார்க்கிற ஆட்கள் அதிகம் என்றும் இருக்கலாம்.

போட்டிக்கு முந்தைய நாளே தேவையான கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வைஃபையில் முந்நூறு பேர் இருக்கும்போது இரண்டு ஜிபி படம் இறங்கும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மலிவான சென்சார் காட்டும் எண்ணை நம்பலாமா?

ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க ஓரளவு நம்பலாம். துல்லியமான அளவு என்று மேடையில் சொல்லக்கூடாது.

எம்க்யூ 135 என்ற வாயு சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா, ஆல்கஹால், பென்சீன், புகை என்று பலவற்றுக்கும் அது அசையும். எதற்காக அசைந்தது என்று அதற்கே தெரியாது. கை கழுவும் கிருமிநாசினியைப் பக்கத்தில் திறந்தால் 'காற்று மாசு அபாயம்' என்று அலறும். புதிதாக வாங்கியதை ஒரு நாளாவது மின்சாரம் கொடுத்துச் சூடேற்றி வைக்காவிட்டால் எண் நிலைக்காது. இருபத்து நான்கு மணி நேரப் போட்டியில் அதற்கு எங்கே போவது? வீட்டிலேயே சூடேற்றிக் கொண்டுவாருங்கள்.

நுண்துகளை லேசர் ஒளிச்சிதறலால் எண்ணும் சென்சார்கள் பரவாயில்லை. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்தால் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிவிடும். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இறக்கிய வரம்பு. அதற்கு முன் 10. ஒரு பனிக்காலைப் பத்து நிமிட அளவை எடுத்து அந்த ஆண்டு வரம்போடு ஒப்பிட்டு 'இருபது மடங்கு' என்று முழங்குவது தவறு.

மண் ஈரத்துக்கு இரண்டு கம்பி முளைகளை நேரே மண்ணில் செருகும் வகையை வாங்காதீர்கள். மின்சாரம் ஓட ஓட முளை அரித்துவிடும். கொண்மம் (கெப்பாசிட்டன்ஸ்) வழியாக அளக்கும் வகை நீடிக்கும்.

வன்பொருள் கொண்டுவருகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

என் கதையைச் சொல்வதே நல்லது. முதல் போட்டியில் ஒரு செடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று சொல்லும் கருவியைச் செய்தோம். மண்ணில் சென்சார், வைஃபை உள்ள இஎஸ்பி 32 என்ற சிறு கணினிப் பலகை, எண்கள் இணையத்துக்குப் போக வேண்டும். இரவு பதினொரு மணிக்குச் சென்சார் அழகாகப் படித்தது. வைஃபை நிரலைத் தனியாகச் சோதித்தோம்; அதுவும் வேலை செய்தது. இரண்டையும் சேர்த்ததும் ஈரம் பூஜ்யம். ஜம்பர் வயர் மாற்றினோம், பிரெட்போர்டை மாற்றினோம், சென்சாரை மாற்றினோம், கடைசியில் செடியையே மாற்றினோம். விடிகிற நேரத்தில் பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, 'எந்தப் பின்னில் செருகியிருக்கிறீர்கள்?' என்று கேட்டாள். நான்காம் பின். அந்தச் சில்லில் அனலாக் அளவைப் படிக்கும் பின்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன. வைஃபை ஓடும்போது இரண்டாம் தொகுதியை நம்ப முடியாது. வயரை 34-ஆம் பின்னுக்கு மாற்றினோம். எண் வந்துவிட்டது. தயாரிப்பாளரின் ஆவணத்தில் இது தெளிவாக இருக்கிறது. படிக்காதது எங்கள் தவறு.

இதோடு சேர்த்து: பரவலாகக் கிடைக்கும் அந்தப் பலகை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இணையும், 5-இல் இணையாது. மேலே சொன்ன மீயொலி சென்சார் 5 வோல்ட்டில் பதில் அனுப்பும், பலகையோ 3.3 வோல்ட்தான் தாங்கும். நடுவே இரண்டு மின்தடைகளைப் போட்டு இறக்குங்கள். உபரி யூஎஸ்பி வயர் ஒன்று எடுத்துவாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு போகாத வயர்கள் உண்டு, அவற்றால் பல இரவுகள் பாழாகியிருக்கின்றன. மின் நீட்டிப்புப் பலகை கொண்டுவருகிறவருக்கு அந்த அறையில் கிடைக்கும் மரியாதை தனி.

எவ்வளவு கார்பன் மிச்சமாகும் என்று கேட்கிறார்கள். எப்படிக் கணக்கிடுவது?

கணக்கைவிட, அனுமானத்தை வெளியே வைப்பதுதான் முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு.

கணினிக்கூடத்தில் நாற்பது கணினிகள். மாலை ஐந்திலிருந்து காலை ஒன்பது வரை, பதினாறு மணி நேரம், யாரும் அணைப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறீர்கள். சும்மா இருக்கும் ஒரு கணினி திரையோடு சேர்த்து 50 வாட் இழுப்பதாக மீட்டர் காட்டுகிறது. நாற்பதுக்கு 2 கிலோவாட். பதினாறு மணி நேரத்துக்கு 32 யூனிட். ஆண்டில் இருநூறு இரவு என்றால் 6,400 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால் 3.2 டன். ஸ்லைடில் போட நன்றாக இருக்கும்.

இப்போது ஒரு மாலை ஏழு மணிக்குக் கூடத்துக்குப் போய் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டுதான் ஓடுகின்றன. 3.2 டன் 960 கிலோவாகிவிட்டது. உங்கள் நினைவூட்டலுக்குப் பாதிப் பேர்தான் செவிசாய்ப்பார்கள் என்றால் 480. இந்த 480 சொல்லுகிற குழுவை நான் நம்புவேன், 3.2 டன் குழுவிடம் நிறையக் கேள்வி கேட்பேன்.

அந்த அரைக் கிலோவும் இடத்துக்கு இடம் மாறும். முழுக்க நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கும்; நீர்மின்சாரத்தில் அது மிகச் சொற்பம். உங்கள் மின்தொகுப்புக்கு அரசு வெளியிடும் காரணி இருந்தால் அதை எடுங்கள். உங்கள் கருவியே இழுக்கும் மின்சாரத்தையும் கழியுங்கள். 4 வாட் பலகை ஒன்று இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 35 யூனிட்.

நடுவர்களில் பொருளாதாரம் படித்தவர் இருந்தால் இன்னொன்றும் கேட்பார். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தபோது நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்தது என்று 1865-இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் எழுதினார். உங்கள் செயலி பயணத்தை மலிவாக்கினால் மக்கள் கூடுதலாகப் பயணம் செய்வார்களா? விடை தெரியாவிட்டாலும் கேள்வியை நீங்களே முந்திக்கொண்டு எழுப்பிவிடுங்கள்.

'இத்தனை மரங்களுக்குச் சமம்' என்று மட்டும் மாற்றாதீர்கள். எந்த மரம், எத்தனை வயது, எந்த மண் என்று கேட்டால் கணக்கு நொறுங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டு நிரல் எழுதலாமா?

விதி அனுமதித்தால் எழுதலாம். எழுதியதைச் சொல்லவும் வேண்டும். நடுவர் ஒரு வரியைச் சுட்டி 'இது என்ன செய்கிறது?' என்று கேட்கும்போது நான்கு பேரில் ஒருவருக்காவது விடை தெரிந்திருக்க வேண்டும். அது கொடுக்கும் புள்ளிவிவரங்களை, மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஸ்லைடில் ஏற்றாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: அவசரத்தில் இணையச் சேவைகளுக்கான ரகசியக் கடவுச்சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொதுவில் ஏற்றிவிடுவது. ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருவர் செய்கிறார்.

இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மூன்று மணி நேரமாவது முறைவைத்துத் தூங்குங்கள். விடியற்காலை நான்கு மணிக்குச் சேர்த்த புதிய வசதி எதுவும் காலை பத்து மணிக்கு உருப்படியாக இயங்கி நான் பார்த்ததில்லை.

பசுமைப் போட்டி என்கிறார்கள், அரங்கு முழுக்கப் பிளாஸ்டிக் புட்டியாக இருக்கிறதே?

ஊருக்குத்தான் உபதேசம். எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை அச்சடித்துக் கொடுக்கும் வழக்கத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீர்ப் புட்டியை நீங்களே கொண்டுவாருங்கள். ஏற்பாட்டாளர்களிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆண்டு நிரப்பும் குழாய் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றே நிமிடத்தில் எப்படி எல்லாவற்றையும் சொல்வது?

எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். முதல் அரை நிமிடம் ஓர் ஆள், ஓர் இடம், ஒரு சிக்கல். அடுத்த ஒன்றரை நிமிடம் கருவி ஓட வேண்டும், நீங்கள் பேசிக்கொண்டே அதைக் காட்ட வேண்டும். மீதி ஒரு நிமிடத்தில் என்ன அளந்தீர்கள், எது வேலை செய்யவில்லை, அடுத்து யார் இதை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி இறங்கிவிடுங்கள். குழு உறுப்பினர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வதிலேயே நாற்பது நொடி போய்விடுகிறது. பெயர்களை ஸ்லைடின் ஓரத்தில் போட்டால் போதும். ஒருவரே பேசுங்கள். ஒலிவாங்கி நான்கு கை மாறும்போது கேட்பவரின் கவனமும் நான்கு முறை அறுந்துபோகும்.

மேடையில் டெமோ நின்றுபோனால்?

நிற்கும். முந்தைய இரவே, நன்றாக ஓடியபோது கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொலி எடுத்து வையுங்கள். 'இப்போது இணைப்பு கிடைக்கவில்லை, நேற்று இரவு எடுத்தது இது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் காணொலியைப் போடுங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வயரைப் பிடுங்கிச் செருகுவதில் மூன்று நிமிடமும் கரைந்த குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் நான் இருந்தேன்.

எங்கள் யோசனையை யாராவது எடுத்துக்கொண்டால்?

வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. சில போட்டிகளின் விதித்தாளில், படைப்பின் உரிமை நடத்துகிறவர்களுக்குப் போகும் என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள். உண்மையிலேயே காப்புரிமைக்குத் தகுதியான கண்டுபிடிப்பு கையில் இருந்தால், மேடையில் விளக்குவதற்கு முன்பே விண்ணப்பம் பற்றி விசாரியுங்கள். பொதுவில் வெளிப்படுத்திய ஒன்றைப் பல நாடுகளில் புதியது என்று ஏற்கமாட்டார்கள். சில நாடுகளில் மட்டும் சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை சலுகைக் காலம் உண்டு. மற்றபடி, யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம்கொடுக்கும் எம்ஐடி உரிமம் போன்ற ஒன்றைப் போட்டுத் திறந்து வைப்பதே மாணவத் திட்டங்களுக்கு நல்லது. யாராவது எடுத்துப் பயன்படுத்தினால் குழாய் ஒழுகுவது நிற்கும் அல்லவா?

பரிசு கிடைக்காவிட்டால் இரண்டு நாள் வீண்தானே?

பரிசு வாங்கிய பல கருவிகளும் அடுத்த வாரமே அட்டைப்பெட்டிக்குள் போய்விடுகின்றன. அந்தக் குழாய்க் குழுவுக்கும் பரிசு கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் போதாது என்று நடுவர்களில் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். பட்டியல் மட்டும் பிளம்பர் வரும் நாளெல்லாம் அச்சாகிக்கொண்டிருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

முடிந்த பிறகு செய்த கருவியை என்ன செய்வது?

பயன்படுத்தப்போகிறவர் இருந்தால், இரண்டு பக்கத்தில் எளிய குறிப்பு எழுதி அவரிடம் ஒப்படையுங்கள்: எப்படி இயக்குவது, நின்றால் என்ன செய்வது, யாரைக் கேட்பது. யாரும் இல்லையென்றால் பிரித்துவிடுங்கள். பலகையையும் சென்சார்களையும் ஆய்வகத்துக்கோ அடுத்த ஆண்டு மாணவர்களுக்கோ கொடுத்தால் இன்னும் பத்துத் திட்டங்களுக்கு உழைக்கும். லித்தியம் பேட்டரியை அப்படியே சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.